நான்கு மணி நேரத் தூரம்

அதிகாலைத் தொழுகையை முடித்துக்கொண்டு வந்து கடைக் கதவைத் திறக்கும் வேளையில் தொலைபேசி மணி அடிக்கிறது. அதிராம்பட்டினத்திலிருந்து தம்பி பேசுகிறான். அங்கே இன்னும் விடியவில்லை. "காக்கா, உம்மா மவுத்தாயிட்டாங்க" என்பதற்கு மேல் அவனால் ஒரு சொல்லும் பேச முடியவில்லை. கேட்டவர் கல்லாப் பெட்டியின் மேல் கையை ஊன்றிக்கொள்கிறார். பிறகு சொல்கிறார்: "இதோ புறப்பட்டுட்டேன். நாலு மணி நேரந்தானே! நான் வந்து முகம் பாக்குற வரைக்கும் எடுத்துடாதீங்க."

இத்தகைய காட்சியைக் கோல சிலாங்கூர்க் கடைத்தெருவிலும், ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக், தஞ்சோங் காராங் முதலிய ஊர்களிலும் கடை வைத்திருக்கும் நம்மவர்களில் பலர் கண்டிருக்கிறோம். அந்தத் தொலைபேசியைக் கையில் பிடித்து நின்றவர்களும் நம்மில் உண்டு. ஆகவே அந்த மகனைக் குறை கூறுவது நமது நோக்கமன்று. அவர் வாயிலிருந்து தாமாகவே வந்த அந்த "நாலு மணி நேரம்" என்னும் சொல்லைப் பற்றித்தான் சிறிது எண்ணிப் பார்க்க விரும்புகிறோம். அந்தச் சொல் உண்மையானதுதானா? உண்மையானால், அது நம்மிடம் என்ன கேட்கிறது?

வியாபாரிகளாகிய நாம் முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். சிப்பாங்கிலுள்ள கோலாலம்பூர் விமான நிலையத்திலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு ஆகாய மார்க்கத்தில் சுமார் 2,700 கிலோமீட்டர். சென்னைக்குச் சுமார் 2,600. விமானம் மேலெழுந்து, கடலைக் கடந்து, கீழிறங்க ஏறக்குறைய 4 மணி நேரம் பிடிக்கிறது. இது கொள்முதல் விலை. ஆனால் சரக்கு கடை வந்து சேர்ந்த விலை வேறு என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோல சிலாங்கூரிலிருந்து சிப்பாங் சுமார் 100 கிலோமீட்டர். ஒன்றரை மணி நேரம். விமானம் புறப்பட 3 மணி நேரம் முன்னதாகவே அங்கே நிற்க வேண்டும். ஆகாயத்தில் 4 மணி. இறங்கி, குடிநுழைவுச் சோதனை முடிந்து வெளியே வர ஒரு மணி. திருச்சியிலிருந்து தஞ்சை, பட்டுக்கோட்டை வழியாக அதிராம்பட்டினம் போய்ச் சேர 3 மணி. ஆக மொத்தம் பன்னிரண்டரை மணி. அதுவும் நாம் புறப்படும் நேரத்துக்கு ஏற்ற விமானம் இருந்து, அதில் ஓர் இடமும் காலியாக இருந்தால்தான். இல்லையென்றால் ஒரு பகலும் ஓர் இரவும் போய்விடும்.

கடிகாரமும் நம்மை ஏமாற்றுகிறது. 1982ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து தீபகற்ப மலேசியாவின் நேரம் இந்திய நேரத்துக்கு இரண்டரை மணி முந்தியிருக்கிறது. இரவு 10 மணிக்கு இங்கே ஏறியவர் இரவு பதினொன்றரைக்குத் திருச்சியில் இறங்குகிறார். "ஒன்றரை மணியில் வந்துவிட்டேன்" என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. திரும்பும்போது அதே வழி ஆறரை மணியாகக் காட்டும். உண்மையில் இரண்டு ஊருக்கும் சூரியன் உதிக்கும் வேற்றுமை ஒன்றரை மணியளவே. மீதி ஒரு மணி அரசாங்கங்கள் எழுதிக்கொண்ட கணக்கு. போகும்போது கிடைத்ததாகத் தோன்றும் நேரத்தைத் திரும்பும்போது கொடுத்துவிடுகிறோம். யாருக்கும் லாபமில்லை.

இந்தக் கணக்கெல்லாம் தெரிந்தவர்தான் அந்த மகன். ஆனாலும் "பன்னிரண்டரை மணி" என்று அவர் சொல்லவில்லை. "நாலு மணி" என்றார். ஏன்? நெஞ்சு சுருக்கிக்கொண்ட தூரம் அது. எப்போது வேண்டுமானாலும் போய்விடலாம் என்று பல ஆண்டுகளாக அவர் தமக்குத் தாமே சொல்லி வந்த தூரம் அது.

நம் பாட்டன்மார் காலத்தை நினைத்துப் பார்ப்போம். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு நேர்க்கோட்டில் சுமார் 1,260 கடல் மைல். மணிக்கு 12 கடல் மைல் ஓடும் கப்பல் ஒரு நிமிடமும் நில்லாமல் ஓடினாலும் 4 நாளுக்கு மேலாகும். 1926ல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல் 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று போய் வந்தது. அதன் மேல்தளத்தில் பாய் விரித்து, ஊறுகாய் ஜாடியும் தகரப் பெட்டியும் பக்கத்தில் வைத்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தாம் நம்மில் பலர். கப்பலில் நோய் கண்டுவிட்டால் பினாங்குக்கு அருகே ஜெரெஜாக் தீவு முகாமில் நாட்கணக்கில் இருந்தாக வேண்டும். ரஜூலாவுக்குப் பின் ஓடிய சிதம்பரம் கப்பலில் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்து உயிர்ச்சேதம் நேர்ந்தது. அத்துடன் அந்தக் கடல் வழியும் முடிந்தது.

அந்தக் காலத்தில் ஊரில் ஒருவர் இறந்தால் தந்தி வரும். தந்தி கைக்கு வரும்போது அங்கே அடக்கம் முடிந்திருக்கும். அடுத்த கப்பலைப் பிடித்துப் போனாலும் நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்குப் போய்ச் சேர்ந்தால் பெரிது. அதனால் "நான் வரும்வரை வைத்திருங்கள்" என்று யாரும் கேட்டதில்லை. கேட்கலாம் என்று தோன்றவும் இல்லை. அதற்குப் பதிலாக அவர்கள் வேறொன்று செய்தார்கள். கப்பலேறும் முன்னால் வீடு வீடாகச் சென்று பயணம் சொன்னார்கள். பெற்றோரின் கையைப் பிடித்து, "நான் செய்த குற்றங்குறை எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று மன்னிப்புக் கேட்டார்கள். கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்தார்கள். திரும்பி வருவோமா, வந்தால் இவர்கள் இருப்பார்களா என்பது தெரியாது என்பதை இரு தரப்பாரும் அறிந்திருந்தார்கள். ஒவ்வொரு பயணமும் கடைசிப் பயணம் போலவே நடந்தது.

இன்று நாம் எப்படிப் புறப்படுகிறோம்? வாடகைக் கார் வாசலில் நிற்கிறது. ஒரு கையில் தொலைபேசி, மறு கையில் பெட்டி. "வர்றேம்மா, நோன்புப் பெருநாளைக்குப் பாப்போம்" என்று வாசற்படியிலிருந்தே ஒரு குரல். உம்மா உள்ளிருந்து எழுந்து வருவதற்குள் கார் தெருமுனையைத் தாண்டிவிடுகிறது. பெருநாள் வருகிறது, அது கடையில் வியாபாரம் மும்முரமான காலம். ஹஜ்ஜுப் பெருநாளைக்குப் பார்க்கலாம் என்கிறோம். அப்போது பிள்ளைகளுக்குப் பரீட்சை. பள்ளி விடுமுறைக்குப் பார்க்கலாம் என்கிறோம். அப்போது டிக்கெட் விலை இரண்டு மடங்கு. எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்பது எப்போதும் போகாமலிருப்பதற்குக் காரணமாகிவிடுகிறது. கப்பற்காலத்தார் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை போனாலும் ஆறு மாதம் தங்கினார்கள். நாம் ஆண்டுக்கு இரண்டு முறை போனாலும் நான்கு நாளில் திரும்புகிறோம். அதிலும் இரண்டு நாள் கல்யாண வீடுகளில் கழிகிறது. யார் பெற்றோருடன் அதிகம் இருந்தார்கள் என்பதை அவரவரே கூட்டிப் பார்க்கட்டும்.

இங்கே நமது மார்க்கச் சட்டத்தில் உள்ள ஒரு நுட்பத்தை நினைவு கூர்வது நல்லது. பிரயாணிக்குத் தொழுகையைச் சுருக்கிக்கொள்ளும் சலுகை உண்டு. அதற்கான தூரத்தை இமாம்கள் அந்நாளைய நடைப்பயணத்தைக் கொண்டே அளந்தார்கள். ஷாஃபி மத்ஹபில் இரண்டு நாள் பயணத் தூரம், ஹனஃபி மத்ஹபில் மூன்று நாள் பயணத் தூரம். பின்வந்தோர் அதைச் சுமார் 48 மைல் என்று கணக்கிட்டார்கள். அப்படியானால் அந்த 48 மைலை அரை மணியில் கடப்பவனுக்குச் சலுகை உண்டா? உண்டு என்றே நமது ஆலிம்கள் கூறுகிறார்கள். வேகமாகப் போனதால் அவன் பிரயாணி அல்லாதவன் ஆகிவிடவில்லை. குளிரூட்டிய விமானத்தில் சாய்ந்து உட்கார்ந்திருப்பவனும் பிரயாணிதான்.

இதிலிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. நேரம் சுருங்கினாலும் தூரம் சுருங்குவதில்லை. வீட்டை விட்டுப் பிரிந்தவன் பிரிந்தவனே. அந்த 2,700 கிலோமீட்டர் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஒரு நாள் திடீரென்று அது தன் முழு நீளத்தையும் காட்டும். காட்டியும் இருக்கிறது. 2020 மார்ச்சில் கொரோனா நோய் பரவியபோது இங்கே நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. இந்தியா அயல்நாட்டு விமானப் போக்குவரத்தை நிறுத்தியது. சிறப்பு விமானங்கள் சில ஓடின என்றாலும் வழக்கமான போக்குவரத்து மீண்டும் தொடங்கியது 2022 மார்ச் இறுதியில்தான். அந்த இரண்டு ஆண்டுகளில் பெற்றோரை இழந்தவர்கள் நம்மிடையே உண்டு. ரஜூலா காலத்துப் பாட்டனாரைவிட அதிக தூரத்தில் அவர்கள் நின்றார்கள். பாட்டனாருக்காவது அடுத்த கப்பல் இருந்தது.

அபிசீனிய மன்னர் நஜ்ஜாஷி இறந்த செய்தி அறிந்தபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவில் இருந்தவாறே அவருக்காக ஜனாஸாத் தொழுகை நடத்தினார்கள் என்பது யாவரும் அறிந்த வரலாறு. அதைக் கொண்டு ஷாஃபி மத்ஹபினர் தொலைவில் இறந்தவருக்காக மறைவான ஜனாஸாத் தொழுகை தொழுகிறார்கள். ஹனஃபி மத்ஹபில் அவ்வழக்கமில்லை. அவர்கள் துஆச் செய்கிறார்கள். எதுவாயினும், பக்கத்தில் இருக்க முடியாதவனுக்கும் செய்வதற்கு ஒன்று உண்டு. அவன் வெறுங்கையுடன் நிற்கவில்லை.

இனி அந்த மகனின் வேண்டுகோளுக்கு வருவோம். மையித்தைத் தாமதமின்றி அடக்கம் செய்ய வேண்டுமென்பது நமக்கு இடப்பட்ட கட்டளை. எவ்வளவு நேரம் வரை பொறுக்கலாம் என்பதை அவ்வூர் ஆலிம்கள் சொல்லட்டும். தீர்ப்புச் சொல்ல நாம் தகுதியுடையோரல்லோம். ஆனால் தீர்ப்புக்கு அப்பாலும் ஒரு கேள்வி நிற்கிறது. "வைத்திருங்கள்" என்பது யாருக்காக?

"பெற்ற தாயின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்க நினைப்பது குற்றமா? இப்போது குளிர்ப்பெட்டி இருக்கிறது. ஒரு நாள் பொறுத்தால் என்ன குறைந்துவிடும்?" என்று ஒரு சாரார் கேட்கிறார்கள். இந்தக் கேள்வியை எளிதாகத் தள்ளிவிட நாம் விரும்பவில்லை. அந்த ஏக்கம் பொய்யன்று. அதை அறியாதவன் நாடு விட்டு நாடு வந்தவனாக இருக்க மாட்டான். ஆயினும் அந்த வீட்டுக்குள்ளும் சற்றுப் பார்க்க வேண்டும். இரவெல்லாம் விழித்திருக்கும் சகோதரிகள், குளிப்பாட்டி கஃபன் அணிவிக்கக் காத்திருக்கும் பெண்கள், குழி வெட்டி வைத்திருப்பவர்கள், வேலையை விட்டு வந்து திண்ணையில் அமர்ந்திருக்கும் ஊரார். இவர்களுள் பலர் அந்த அம்மாவுக்கு நோய்க் காலத்தில் கஞ்சி வைத்துக் கொடுத்தவர்கள். அருகிலிருந்து பணி செய்தவர்களைக் காக்க வைத்து, தொலைவிலிருந்தவன் வருகைக்காக எல்லாம் நிற்கிறது. வைத்திருக்கச் சொல்லும் உரிமை பணம் அனுப்பியவருக்கே வந்துவிடுகிறது. கஞ்சி வைத்துக் கொடுத்தவருக்கு வருவதில்லை. இது நீதியா என்பதை நாம் நமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முகம் பார்க்க வேண்டுமானால், அந்த முகம் நம்மைத் திரும்பப் பார்க்கக் கூடிய காலத்தில் பார்ப்பதல்லவா முறை?

தூரந்தான் நம்மைத் தடுக்கிறது என்று இன்னும் எண்ணுவோர், தயவுசெய்து நமது வட்டாரத்துத் தோட்டங்களைப் பார்க்கட்டும். ஒரு காலத்தில் நம்மவர் சைக்கிளில் துணி மூட்டை கட்டிக்கொண்டு சம்பள நாளில் லயங்களுக்குப் போவார்கள். கோல சிலாங்கூர் முதல் பத்தாங் பெர்ஜுந்தை வரையிலும் ரப்பர் மரங்கள் நின்ற இடங்களில் பிறகு செம்பனை வந்தது. சில இடங்களில் வீடமைப்புப் பகுதிகளும் வந்தன. பத்தாங் பெர்ஜுந்தைக்கே 2007ல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிவிட்டது. தோட்டத்துப் பிள்ளைகள் படித்து, கிள்ளான், ரவாங், கோலாலம்பூர் என்று குடியேறினார்கள். அது நல்லதே. ஆனால் இன்றும் பழைய லயங்களிலும் தோட்டத்தையடுத்த சிறு வீடுகளிலும் முதியவர்கள் தனியே இருக்கிறார்கள். நமது கடைக்கு அரிசி வாங்க வரும் கிழவியிடம் "மகன் வந்தாரா, அம்மா?" என்று கேட்டால், "அடுத்த வாரம் வரேன்னு சொல்லியிருக்கான், தவுக்கே" என்கிறார். போன மாதமும் அதே பதில். அந்த மகன் இருப்பது வேறு நாட்டிலன்று. 2011ல் ஈஜோக்கிலிருந்து விரைவுச் சாலையும் திறந்துவிட்டார்கள். ஒரு மணி நேரத் தூரம்! நான்கு மணி நேரத்தைக் குற்றம் சொல்லும் நமக்கு இந்த ஒரு மணி நேரம் கண்ணைத் திறக்க வேண்டும். வர நினைப்பவனுக்கு ஏழு நாள் கப்பலும் தூரமில்லை. நினையாதவனுக்கு அடுத்த தெருவும் தூரந்தான்.

இன்னொரு தூரமும் உண்டு. அதைப் பற்றிப் பேசாமல் இக்கட்டுரையை முடிப்பது நேர்மையாகாது. நமது உணவுக் கடைகளிலும் மளிகைக் கடைகளிலும் ஊரிலிருந்து வந்த பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். ரொட்டி வீசுகிறவனும் மேசை துடைக்கிறவனும் ஒரு தாய் பெற்ற பிள்ளையே. அவனுக்கும் திருச்சி அதே 2,700 கிலோமீட்டர், அதே 4 மணி நேரம். ஆனால் அவன் உம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று செய்தி வந்தால் அவன் எத்தனை மணியில் போய்ச் சேருவான்? முதலாளி என்ன சொல்கிறார் என்பதைப் பொறுத்தது. "ஆள் இல்லை, பெருநாள் முடியட்டும்" என்றால் அது ஒரு மாதத் தூரம். "ஒப்பந்தம் முடிய எட்டு மாதம் இருக்கிறதே" என்றால் எட்டு மாதத் தூரம். அவனுடைய பாஸ்போர்ட் முதலாளியின் மேசை அறையில் பூட்டிக் கிடந்தால், சாவி எங்கே இருக்கிறதோ அங்கே இருக்கிறது அவனுடைய ஊர். பிறர் பாஸ்போர்ட்டை அதிகாரமின்றி வைத்திருப்பது இந்நாட்டின் 1966ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். சட்டம் இருக்கட்டும். நமது தாய்க்காக மையித்தையே காக்க வைக்கத் துணியும் நாம், இன்னொருவன் தாய் உயிரோடிருக்கும்போது அவனை அனுப்பி வைக்கத் தயங்கினால், நமது கண்ணீருக்கு என்ன மதிப்பு? இறைவன் முன்னிலையில் இரண்டு தாய்களுக்கும் இரண்டு அளவுகோல் இருக்குமா?

"ஒருவனை அனுப்பினால் நால்வர் கேட்பார்கள்; கடை நடக்க வேண்டாமா?" என்பீர்கள். நாமும் கடைக்காரர்களே, கஷ்டம் தெரியும். போனவன் திரும்பி வராமலே இருந்துவிட்ட அனுபவமும் நமக்கு உண்டு. ஆனால் அந்த நஷ்டம் கணக்கில் எழுதி ஈடு செய்யக்கூடியது. ஒருவன் தன் தாயைக் காணாமல் போனதை எந்தப் பேரேட்டில் எழுதி நேர் செய்வது?

ஆகவே நாம் செய்யக் கூடியவை சில. முதலாவது, அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பெற்றோரிடம் தனியே உட்கார்ந்து கேட்போம்: "நாங்கள் தூரத்தில் இருக்கும்போது உங்களுக்கு ஏதேனும் ஆகிவிட்டால் என்ன செய்ய வேண்டும்?" கேட்க நாக்கு எழாது. ஆனால் பெரியவர்கள் இந்தப் பேச்சுக்கு நம்மளவு அஞ்சுவதில்லை. "எனக்காகக் காக்காதீர்கள்" என்று அவர்கள் சொன்னால், அதை உடன்பிறந்தார் அனைவரும் அறியச் செய்வோம். பிறகு தொலைபேசியில் அழுதுகொண்டே முடிவெடுக்க வேண்டியதில்லை. இரண்டாவது, ஊர்ப் பயணத்தைக் கடை வாடகைபோல் ஆண்டுத் தொடக்கத்திலேயே கணக்கில் எழுதி வைப்போம். மீந்த நேரத்தில் போவதென்றால் நேரம் மீறுவதேயில்லை. மூன்றாவது, ஊரில் அருகிலிருந்து பணிவிடை செய்யும் சகோதரன், சகோதரியின் பங்கை ஒப்புக்கொள்வோம். இறுதி வேளையில் அவர்கள் சொல்லே முதற்சொல்லாக இருக்கட்டும். நான்காவது, நம் கடைப் பிள்ளைகளின் பாஸ்போர்ட்டை அவர்கள் கையில் கொடுப்போம். நமது சங்கமும் அவசரப் பயணத்துக்கென ஒரு சிறு நிதி வைத்தால், டிக்கெட் பணமில்லாத பிள்ளை எவரிடமும் கை நீட்ட வேண்டியிராது.

கடைசியாக ஒன்று. விமானத்தில் போகும் நாம் கப்பலில் போனவர்களைப் போல விடை பெறுவோம். வாசற்படியில் நின்று குரல் கொடுக்காமல் உள்ளே போய், உம்மாவின் கையைப் பிடித்து, "ஏதும் தவறு செய்திருந்தால் பொறுத்துக்குங்க" என்று கேட்போம். அதற்கு நான்கு மணி நேரம் ஆகாது. நான்கு நிமிடம் போதும். அப்படி விடை பெற்றவன், ஒருநாள் அந்தத் தொலைபேசி அடிக்கும்போது, "நான் வரும்வரை எடுக்காதீர்கள்" என்று சொல்லும் நிலையில் இருக்க மாட்டான். "நீங்கள் ஆக வேண்டியதைப் பாருங்கள், தம்பி, நான் வந்து கப்ரடியில் ஸலாம் சொல்லிக்கொள்கிறேன்" என்று சொல்லும் மனவலிமை அவனுக்கு இருக்கும்.

அந்த மனவலிமையை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக! நம் பெற்றோரில் உயிரோடிருப்போருக்கு நீண்ட ஆயுளையும், மறைந்தோருக்கு நல்லிடத்தையும் தருவானாக!